நடுக்கோட்டைத் தாண்டி வாசித்தேன்

கண் தெரியாத என் கடைசி மகள் கம்பஸில் படிக்கிறாள். பரீட்சைக்குப் படிக்க லீவில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். எழுத்தாக வரும் பாடத்தை அவளுடைய போனே வாசித்துச் சொல்லும். ஆனால் ஒரு பாடத்துக்கு மட்டும் விரிவுரையாளர் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதைத் திறந்தால் போன் "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

அதனால் நான் வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி வாசிக்க வாசிக்க அவள் போனில் பதிந்துகொண்டாள். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. பெரிய படிப்பு அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அவளுக்கும் விளங்கவில்லையாம். தன் மூளைதான் மந்தம் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது, படித்ததைத் தோழியிடம் போனில் ஒப்பித்தாள். அந்தப் பிள்ளை சிரித்தது எனக்கே கேட்டது.

"என்னடி, ரெண்டு வயசுப் புள்ளையோட ஞாபகம் தவழுமா? பக்கத்துக்கு நடுவுல கோடு இருக்கு. இடது பக்கத்த மேலருந்து கீழ முடிச்சிட்டுத்தான் வலது பக்கம் வரணும். அம்மா கோட்டத் தாண்டி நேரா போயி ரெண்டு பக்கத்து வரியையும் கலந்துட்டாங்க."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வாசித்ததெல்லாம் கொழுந்து நிறுக்கும் பட்டியல்தான். பெயர், காலை, மத்தியானம், அந்தி என்று ஒரே வரியில் கடைசிவரை போய்ப் பழகிய கண்.

"எத்தன பக்கம்மா இப்படி வாசிச்சீங்க?" என்றாள் மகள்.

"எல்லாத்தையுந்தான்."

எழுத்தாக அனுப்பும்படி அந்த விரிவுரையாளரிடம் கேள் என்றேன்.

"ரெண்டு தடவ கேட்டாச்சு. இன்னொரு தடவ கேட்டா கோவிச்சுக்குவாரு."

"அப்ப நான் கேக்கவா?"

"நீங்களா? கங்காணிகிட்டயே தரையப் பாத்துக்கிட்டுத்தான பேசுவீங்க."

கிண்டல்தான். ஆனாலும் அவருக்குக் குரல் பதிந்து அனுப்பும் இடத்தை அழுத்தி, போனை என் வாயருகே பிடித்தாள். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"சேர், வணக்கமுங்க. நான் அவ அம்மா. புள்ள மேல பெழ இல்லீங்க. நாந்தான் மாத்தி வாசிச்சிட்டேன். எழுத்தா இருந்தா போனே வாசிக்குமாம். கொஞ்சம் அனுப்பி வைங்க சேர்."

இரண்டு நாள் பதில் இல்லை. அதிகமாகப் பேசிவிட்டேனோ, அந்தக் கோபத்தில் பிள்ளைக்குப் புள்ளியைக் குறைத்துவிடுவாரோ என்று சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பாடம் எழுத்தாக வந்தது. கூடவே ஒரு வரி: தாமதத்துக்கு மன்னிக்கவும், அம்மா. மகள் அந்த வரியைப் போனில் இரண்டு தடவை வாசிக்க வைத்துக் கேட்டாள்.

மூன்று நாளில் முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டும். நான் வாசித்ததையெல்லாம் போனிலிருந்து அழித்தாள். போன் வேகமாக வாசித்தது, அவள் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு வரி அவள் வாயில் பழையபடி பிழையாக வந்தது. நிறுத்தினாள். திரும்பச் சொன்னாள். மறுபடியும் அதே பிழை.

"போன்ல அழிச்சிட்டேன். மனசுல ஒங்க கொரல்லயே நிக்குதும்மா," என்றாள்.

அதன்பிறகு அவள் பரீட்சைக்குக் கிளம்பும்வரை, படிக்கும்போது நான் வாயைத் திறக்கவே இல்லை. தேத்தண்ணியைக்கூடச் சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்து, அவள் கையை எடுத்துக் கோப்பையில் தொடவைத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.