ஏழு மணிப் புகையும் லோகேஸ்வரியின் தேனீக்களும்

லோகேஸ்வரிக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. லைனில் ஓடிப் பழகிய கை வீட்டிலும் ஓயாது. அப்படிப்பட்டவள் போன ஆகஸ்டில் தேனீ வளர்க்கப் புறப்பட்டதைக் கேட்டு தாமான் குடியிருப்பே சிரித்தது.

"அதுக்குப் பொறுமை வேணும்லா," என்றான் கணவன் குணசீலன். "உனக்கு மேகி வேகற வரைக்கும் நிக்க முடியாது."

ஜெஞ்சாரோமில் தேனீ வளர்க்கும் மலாய்ப் பெரியவர், ஒரு பாக்சிக்கிடம் வாங்கி வந்த கெலுலுட் கூடு அது. கொட்டாத, ஈயைவிடச் சிறிய தேனீ. முழங்கால் உயர மரக்கட்டைக்குள் குடியிருக்கும். கட்டைக்கு மேல் தேனுக்காக ஒரு பலகைப் பெட்டி, அதற்கு ஒரு மூடி. மழைக்காலத்தில் மூடியைத் திறக்காதே என்று பாக்சிக் சொல்லி அனுப்பியிருந்தார். தேனீக்கள் பிசின் வைத்து அடைத்த இடுக்கெல்லாம் விட்டுப்போகுமாம். ஈரமும் எறும்பும் உள்ளே புகுந்துவிடுமாம்.

அக்டோபரில் பிடித்த மழை வருஷக் கடைசி வரை விடவில்லை. கூட்டின் வாசலில் முன்பு சந்தைக்கடை மாதிரி போக்குவரத்து இருக்கும். மழையில் அது அடங்கிப்போனது. வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடுவாள். கட்டையில் காதை வைப்பாள். ஒன்றும் கேட்காது. உள்ளே குஞ்சு வளர்கிறதா, கூடு செத்துக்கொண்டிருக்கிறதா? அந்த ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரியில் சேர்ந்தாற்போல் சில நாள் வெயில் அடித்தது. சனிக்கிழமை மாலை, இதற்கு மேல் தாங்காது என்று மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பை உரிக்கத் தொடங்கினாள். பாதி உரித்திருப்பாள். பக்கத்து வீட்டுத் தாமரை வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அக்கா, குரூப்ல பாக்கலையா? நம்ம லோரோங்ல ரெண்டு பேருக்கு டிங்கி காய்ச்சலாம். ஏழு மணிக்குப் புகை அடிக்க வராங்க. கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து வைக்கணும், வீட்டுக்குள்ளயும் அடிப்பாங்க."

லோகேஸ்வரியின் கை நின்றது. கொசுவைக் கொல்லும் புகை தேனீயை மட்டும் விடுமா? வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை. மூடியைத் திறந்துவிட்டால் பிசின் விட்டுப்போய், புகை நேராக உள்ளே இறங்கும். ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால்? சாகப்போகிற கூடு என்றால் இந்த ஓட்டமெல்லாம் எதற்கு?

பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பைத் திரும்ப ஒட்டினாள்.

"என்னங்க, இதக் கார்ல ஏத்துங்க."

"என் மைவியிலயா? நேத்துதான் வேக்யூம் போட்டேன்!"

"குப்பை இல்ல, தேனீதான். ஏத்துங்க."

ஆனால் உடனே ஏற்ற முடியாது. இரை தேடப் போன தேனீக்கள் வெளிச்சம் மங்கிய பிறகுதான் வீடு திரும்பும். அதுவரை காத்திருந்து வாசலை வலைத்துணியால் அடைக்க வேண்டும். லோகேஸ்வரி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். எழுந்தாள். கேட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஒன்றிரண்டு தேனீக்கள் மெல்ல வந்து உள்ளே நுழைந்தன. அப்போது லோரோங்கின் தெருமுனையில் ஒரு வண்டி உறுமியது.

"வந்துட்டாங்க! தூக்குங்க!" வலைத்துணியை வாசலில் திணித்துவிட்டாள்.

"இன்னும் வெளிச்சமா இருக்கே, கொஞ்சம் பொறு."

"தூக்குங்கன்னா தூக்குங்க!"

காரை வெளியே எடுத்தபோது எதிரே நின்றது கேஸ் சிலிண்டர் ஏற்றிய தோங் லோரி, புகை வண்டி இல்லை. குணசீலன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் போய்க் கூட்டின் வாசலைத் திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் கார் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டது.

லிட்டில் இந்தியா பக்கம் நெரிசலில் மாட்டி ஊர்ந்தார்கள். பின் சீட்டில் கட்டைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தது.

"அடிக்கொரு தரம் திரும்பாத. அது என்ன கைக்குழந்தையா?"

"ஏர்கோன ஆஃப் பண்ணுங்க. சத்தம் கேக்குதான்னு பாக்கணும்."

அணைத்தான். வியர்த்ததுதான் மிச்சம், ரோட்டு இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது லோரோங் முழுக்க டீசல் வாடை. லோகேஸ்வரி கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கூடு இருந்த இரும்பு ஸ்டாண்டைச் சுற்றி, சிமெண்டுத் தரையில், கடுகு சிந்தினாற்போல் தேனீக்கள் செத்துக் கிடந்தன. தாமதமாக வந்தவை. வீட்டைக் காணாமல் அங்கேயே சுற்றியிருக்கின்றன.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பின்னங்கால்களில் மஞ்சளாக இரண்டு உருண்டை. மகரந்தம். அடுத்ததிலும் இருந்தது.

"கால்ல பாருங்க," என்றாள். "குஞ்சுங்களுக்குக் கொண்டாந்திருக்கு. உள்ள குஞ்சு இல்லாட்டி இவ்வளவு தூக்கிட்டு வராது. கூடு உயிரோடதான் இருக்கு. நான்தான் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும்."

குணசீலன் கேலி பேசவில்லை. "மூடிய ஒரு தடவ தொறந்து பாத்துடலாமா? உனக்கும் மனசு ஆறும்."

"வேணாங்க. கார்லயே இருக்கட்டும், ஜன்னல கொஞ்சம் எறக்கி விடுங்க. வாடை போனதும் எறக்கி வைப்போம்."

அவன் காரை நோக்கிப் போனான். அவள் குனிந்து, தரையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.