யோகராணியின் சோலைவரி

மங்கரே என்ற அயல்நாட்டுப் புறநகரில் ஒரு தெரு முழுவதையும் ஒற்றை வார்த்தையால் கிளப்பிவிட்டவள் யோகராணி. ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். மெலிந்த உடம்பு, மெதுவான குரல். இருட்டோடு எழுந்து விமான நிலையத்துச் சமையற்கூடத்துக்குப் போய், முகம் தெரியாத பயணிகளின் தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்கிவிட்டு, மத்தியானம் வீடு திரும்புகிறவள். கணவன் கதிர்காமநாதனுக்கு பக்கத்து விரி பகுதியில் ஒரு கிடங்கில் வேலை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த இருவரும், நல்ல சேலையோ சினிமாவோ இல்லாமல் மிச்சம்பிடித்து, வங்கியில் மோட்கேஜ் போட்டு ஒரு பலகை வீடு வாங்கியிருந்தார்கள்.

அவளுடைய வாழ்க்கையில் அவளுக்கென்றே இருந்தது ஒரு நாள்தான். புதன்கிழமை. அன்று சாயங்காலம் பக்கத்து ஆரம்பப் பள்ளியின் நீச்சல் குளத்தில் தாய்மாருக்கு நீச்சல் வகுப்பு நடக்கும். காரைநகரில், நாலு பக்கமும் கடல் சூழப் பிறந்தும், பெண்பிள்ளை என்ற ஒரே குற்றத்துக்காக முழங்காலுக்கு மேல் கடல்நீர் படாமல் வளர்ந்தவள் அவள். முப்பத்தெட்டு வயதில், நீளமான டீஷேர்ட்டும் கறுப்பு டைட்சும் போட்டுக்கொண்டு, வகுப்பை நடத்தும் லோசா என்ற சமோவாப் பெண் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க, தண்ணீரில் முகம் புதைத்தாள். முதல் நாள் மிதந்தபோது அழுதாள். கண்ணீர் குளத்து நீரோடு போனதால் யாருக்கும் தெரியவில்லை.

குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிற்காமல் நீந்த வேண்டும். அதுதான் அவளுடைய கனவு. பாதி தாண்டிவிடுவாள். பிறகு பயம் வந்து காலைப் பிடிக்கும், எழுந்து நின்றுவிடுவாள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு விடியற்காலை, பஸ்சுக்கு ஓடும் அவசரத்தில், அவள் வேலிக்கு அந்தப்புறம் நின்ற உஷாவிடம் செய்தியைச் சொன்னாள்.

"கவுன்சில் சோலைவரியைக் கூட்டப்போகுதாம், உஷா."

உஷா திருச்சிக்காரி. சோலைவரி என்ற சொல்லை வாழ்நாளில் கேட்டதில்லை. அவளுடைய ஊரில் அது வீட்டு வரி. "எல்லாருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், எல்லாருக்கும். வீட்டு வளவு பெரிசெண்டால் இன்னும் கூட."

அவ்வளவுதான், பஸ் வந்துவிட்டது. உஷா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். முன்னால் ரோஜா, பின்னால் எலுமிச்சை, வேலி நெடுகப் பீஜோவாப் பழச்செடி. ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கராஜுக்குள் இழுத்துப் போட்டாள். பிறகு மறுபக்கத்து வீட்டுக் கிழவர் டெஸ்மண்டிடம், கவுன்சில் தோட்டத்துக்கு வரி போடப்போகிறது, மரத்தை எண்ணத்தான் ஆள் வரும் போலிருக்கிறது என்று நல்ல இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள்.

டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற ரெயில்வேக்காரர். ரேட்ஸ் என்ற வீட்டு வரிப் பேச்சை எடுத்தாலே காது சிவக்கும் மனிதர். சனிக்கிழமைக்குள் அவருடைய வேலியில், என் தக்காளியில் கை வைக்காதே என்று சிவப்புப் பெயின்டில் ஒரு பலகை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை தெரு முழுவதும் பலகைகள். தோட்ட வரியும் கூடாது, ரேட்ஸையும் உயர்த்தக்கூடாது என்று கவுன்சில் ஆளுக்கு நேரே சொல்லப் பள்ளி மண்டபத்தில் கூட்டம் என்று தீர்மானமாயிற்று. செய்தியை முதலில் கொண்டுவந்தவள் யோகராணி என்பதால், வழியில் கண்டவர்களெல்லாம் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஏன் குலுக்குகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. உஷா கராஜுக்குள் ஒளித்துவைத்த ரோஜாத் தொட்டிகளைப் பார்த்துக் காரணம் கேட்ட பிறகுதான் விளங்கியது. சிரித்துச் சிரித்து விலா நொந்துபோய் வீட்டுக்கு வந்தவள், உடனே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள்.

கதிர்காமநாதன் மறித்தார். "சும்மா இரும். சனம் சேரட்டும். சோலையெண்டாலென்ன, ரேட்ஸெண்டாலென்ன, கூட்டாமல் விட்டால் எங்களுக்கு லாபம்தானே?"

மோட்கேஜ் வட்டி ஏறிக்கொண்டிருந்த காலம். அவளும் வாயை மூடிக்கொண்டாள். சில நாள் கதாநாயகியாக இருப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தப் புதன்கிழமை லோசாவின் முகம் வாடியிருந்தது. யோகராணி கேட்டதும் சொன்னாள். குளத்தைப் பராமரிக்க அரசாங்கம் பள்ளிக்குத் தரும் காசு போதவில்லை. கவுன்சில் ஒரு பங்கு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அந்தப் பங்கு இந்த வரி உயர்வுக்குள்தான் இருக்கிறது. தெருச்சனம் எதிர்த்து உயர்வு நின்றுபோனால், குளத்தை மண்போட்டு மூடிவிடுவார்கள்.

யோகராணி தன்னையே கேட்டுக்கொண்டாள். என் குளத்துக்கு நானே மண் அள்ளிப்போட்ட பாவியா? அன்று அவள் தண்ணீரில் இறங்கவேயில்லை. கரையில் உட்கார்ந்து பாதங்களை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. கவுன்சிலிலிருந்து வந்த இளைஞன், மரங்களுக்கு வரி கிடையாது என்று எத்தனை தரம் சொல்லியும் யாரும் நம்பவில்லை. டெஸ்மண்ட் மேசையைத் தட்டினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே யோகராணி எழுந்தாள். தங்களுடைய வீரப்பெண் பேசப்போகிறாள் என்று எல்லோரும் அடங்கினார்கள்.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். "தோட்ட வரி என்று ஒன்று இல்லை. எங்கள் ஊரில் ரேட்ஸுக்கு அப்படி ஒரு பெயர். நான் சொன்னேன், என் சிநேகிதி வேறுமாதிரி விளங்கிக்கொண்டாள். தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மற்ற எதையும் வெட்டுங்கள், நானும் கை தூக்குகிறேன். இந்த உயர்வில் இருக்கும் பள்ளிக் குளத்தின் பங்கை மட்டும் விட்டுவிடுங்கள். நான் இன்னும் மறுகரைக்குப் போகவில்லை."

பின் வரிசையில் உஷா, "அட கடவுளே, என் ரோஜா!" என்று தலையில் கை வைத்தாள்.

டெஸ்மண்டின் காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்தது. ஒரு பெண் தண்ணீரில் விளையாட நான் ஏன் வரி கட்டவேண்டும், இத்தனை நாள் படித்து ஒரு கரையைத் தாண்ட முடியவில்லையே என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஆனால் யோகராணி உட்காரவில்லை.

"புதன்கிழமை வந்து பாருங்கள். தாண்டிக் காட்டுகிறேன்."

வந்தார்கள். தெருவே வந்தது. கவுன்சில் இளைஞனும் டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். உஷா பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். "அக்கா, எல்லாம் என்னாலதான். முங்கிடாதீங்க, எனக்குப் பாவம் வேணாம்," என்றாள்.

யோகராணி தண்ணீரில் இறங்கினாள். பாதி வரைக்கும் எப்போதும்போல் போனாள். பாதியில் அந்தப் பயம் வந்தது. கை தளர்ந்தது, தலை அமிழ்ந்தது. கரையில் யாரோ ஐயோ என்றார்கள்.

அப்போது கதிர்காமநாதன் சப்பாத்துக் காலோடு கரையோரமாக ஓடினார். அவளைச் சும்மா இரும் என்று மறித்த அதே வாயால், "கையை நீட்டும், யோகா! விடாதையும்!" என்று கத்திக்கொண்டு, அவளையே பார்த்தபடி ஓடியவருக்கு முன்னால் இருந்த ஈரம் தெரியவில்லை. தொபுக்கென்று குளத்துக்குள் விழுந்தார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய விரல்கள் நீண்டு, நீண்டு, கடைசியில் மறுகரைச் சுவரைத் தொட்டன. மூச்சு வாங்கத் திரும்பியவளின் கண்ணில், தண்ணீரைக் கையாலும் காலாலும் அடித்துக்கொண்டிருந்த கணவன் பட்டார்.

"எழும்பி நில்லுங்கோப்பா. நெஞ்சளவுதான்."

அவர் எழும்பி நின்றார். மூக்கால் தண்ணீர் வழிய நின்றுகொண்டு, மனைவி எங்கிருந்து எங்கே வந்திருக்கிறாள் என்று அளந்து பார்த்தார். பிறகு, அத்தனை சனத்துக்கும் முன்னால், யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை செய்யாத ஒன்றைச் செய்தார். மனைவியின் ஈரக்கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

டெஸ்மண்ட் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும், கவுன்சில் இளைஞனின் டையைப் பிடிக்காத குறையாக இழுத்து நிறுத்தி, உன் அலுவலகத்து அலங்காரங்களை வெட்டு, குளத்தில் கை வைத்தால் நான் வேறு பலகை எழுதுவேன் என்று மிரட்டினார்.

கவுன்சில் உயர்வைப் பாதியாகக் குறைத்தது. குளத்தின் பங்கு அதில் தப்பியது. அடுத்த புதன்கிழமை தாய்மார் வகுப்பின் கடைசி வரிசையில், அரைக் காற்சட்டையோடு கதிர்காமநாதன் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வயிற்றைத் தாங்கிப் பிடித்தவள் லோசா அல்ல, யோகராணி.