மூடக் கூடாத பக்கம்

என் வேலையில் எனக்குச் சந்தேகம் வருவதே இல்லை. தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஏழு வருடம் தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய், அடுத்தவர்கள் எழுதிப் போட்ட குப்பையைக் கூட்டிப் பெருக்கிப் பழகியவள் நான். அலைந்தது போதும் என்று ஓசூரிலேயே, பேரிங் விற்கிற கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, சொந்தமாக வெப்சைட் வேலை பார்க்க ஆரம்பித்தேன். சுற்றிலும் ஆலைகள். ஒவ்வோர் ஆலைக்கும் ஏதாவது ஒரு பக்கம் வேண்டியிருந்தது. வருகைப் பதிவுக்கு ஒன்று, கேன்டீன் டோக்கனுக்கு ஒன்று, கேட்டில் வண்டி நம்பர் போட ஒன்று. உட்கார நேரமில்லாமல் வேலை இருந்தது.

அப்படி வந்ததுதான் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை. அவர்களுடைய வெப்சைட்டை முன்பே யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேட் பக்கம் திறக்க ஆமை வேகத்தில் நேரம் எடுக்கிறது, மாம்பழ சீசனுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்றார் மேனேஜர். பார்க்காமல் ஒத்துக்கொள்வது என் வழக்கமில்லை. பஸ் ஏறிப் போனேன்.

கேட்டில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊர். மரத்தடியில் ஒரு மேசை, மேசையில் ஆலை கொடுத்த போன், போனுக்குப் பின்னால் கல்லில் சாய்த்து வைத்த ஓர் அட்டை. அட்டையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: ‘பேஜை மூடக் கூடாது.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது என்னக்கா, அணையா விளக்கா?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “போன வருசம் ஒருக்கா கை தவறி மூடிட்டேங்க. மறுபடி தொறக்கறதுக்குள்ள டிராக்டருங்க ரோடு வரைக்கும் நின்னுபோச்சு. இன்னொருக்கா மூடுனா திரும்ப ஷெட்டுக்குத்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அதான் எழுதி வெச்சுகினேன்.”

ஷெட் என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் இடுக்குகளில் கருப்புக் கருப்பாகத் தழும்பு. கிளிமூக்கு மாங்காயின் காம்பை ஒடித்தால் பால் பீய்ச்சும், அது பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். ஐந்து சீசன் அவர் ஷெட்டில் காம்பு ஒடித்திருக்கிறார். கையுறை கொடுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் கிழிந்துவிடும். டிராக்டர்காரர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசத் தெரிந்தவர் என்பதால் போன சீசனில் கேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நாற்காலியை விட்டால் மறுபடி மாம்பால்தான். அவருக்கு இருந்த ஒரே பயம் அது.

ஆபீசுக்கு வந்து வெப்சைட்டைப் பிரித்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆலைக்கு வேண்டிய எல்லா ஜாவாஸ்கிரிப்டும் ஒரே ஃபைலில் கிடந்தது. மேனேஜர் பார்க்கிற உற்பத்தி வரைபடம், லேப்காரர்களின் கணக்கு, கேன்டீன் காலண்டர், ஸ்டோர் பட்டியல் என்று சகலமும் சேர்த்துக் கட்டிய ஒரே மூட்டை. கேட்டில் வண்டி நம்பர் போடுகிற அக்காவின் போன் அத்தனையையும் இறக்கி முடித்த பிறகுதான் பக்கம் திறக்கும். ஓசூரிலிருந்து சூளகிரிக்குப் போகிறவள் வீட்டுச் சாமானையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது போல.

பத்தே நாளில் பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கு வேண்டியது மட்டும் தனி ஃபைல். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவானது ஒரு சின்ன ஃபைல். கேட் பக்கத்தையும் விடவில்லை. வண்டி நம்பரும் ஊரும் போடுகிற பகுதி முதலில் வரும், ‘எடைச் சீட்டு’ பட்டனை அமுக்கினால்தான் சீட்டுக்கான ஃபைல் வரும். இத்தனைக்கும் பிறகு கேட் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. நானே நாலு முறை திறந்து மூடி ரசித்தேன். மேனேஜருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். கேட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை. அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபைலில் ஏதாவது மாறினால் அதன் பெயரின் வாலில் உள்ள எழுத்துகளும் மாறும்படி செய்வோம். அப்போதுதான் போன், பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு உட்காராமல் புதியதைக் கேட்டு வாங்கும். இது எல்லோரும் செய்வது. நான் ஒருபடி மேலே போய், புதியதை ஏற்றும்போதே பழைய ஃபைல்களை மொத்தமாக அழித்துவிடுவேன். சர்வரில் ஒரு தூசி இருக்கக் கூடாது எனக்கு. காலை பதினோரு மணிக்கு டீ குடித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுவேன், அதுவும் ஒரு வழக்கம்.

சீசன் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை, தன் வரைபடத்தின் பச்சை நிறம் மங்கலாக இருக்கிறது என்றார் மேனேஜர். பதினோரு மணி டீக்குப் பிறகு நிறத்தை மாற்றி ஏற்றினேன். பன்னிரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன். கேட்டில் சீட்டு வரவில்லை, வேப்பனப்பள்ளி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்றார். சீட்டு இல்லாமல் எடை மேடையில் ஏற்ற மாட்டார்கள். நான் உடனே என் லேப்டாப்பில் திறந்தேன். வேலை செய்தது. “உங்க போன்ல பாருங்க சார்” என்றேன். அவர் ஆபீசில் இருந்தபடியே தன் போனில் திறந்தார். அதிலும் வேலை செய்தது. அக்காவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார்.

“அமுக்கறேங்க மேடம், ஒண்ணுமே ஆவல. அப்படியே நிக்குது.”

“பட்டன் மேலதான் அமுக்கறீங்களா?”

“தெனமும் அமுக்கற எடத்துலதாங்க அமுக்கறேன்.”

அந்தப் பதிலில் இருந்த நிதானத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மேனேஜரிடம், “பேஜ்ல ஒரு கோளாறும் இல்ல சார். அவங்களுக்கு அமுக்கத் தெரியல” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஜாதி நான். அன்று மதியம்வரை மேனேஜரே தன் போனில் சீட்டுப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, தன் பெயரில் உள்ளே நுழைந்து பட்டனை அமுக்கினார். சீட்டு வந்தது. அக்காவிடம் வராதது அவரிடம் வருகிறதென்றால், கோளாறு யாரிடம்?

வியாழக்கிழமை இன்னொரு திருத்தம். அதே பதினோரு மணி டீ. அதே போன். மேனேஜர் இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. “ஆளை மாத்திட்டேன் மேடம், இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது” என்றார். நானும் சரிங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரு புகாரும் இல்லை. அந்த மூன்று நாளும் நான் எதையும் ஏற்றவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சின்னதாக ஒன்று ஏற்றினேன். அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். “என்ன மேடம், இந்த ஆளுக்கும் அமுக்கத் தெரியலையா?”

காதில் போனை வைத்தபடியே லேப்டாப்பை இழுத்தேன். அதுவரை திறந்தே பார்க்காத சர்வர் பதிவைத் திறந்தேன். இல்லாத ஃபைலை யாராவது கேட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று நேரத்தோடு ஒரு வரி அதில் பதிவாகும். எடைச் சீட்டு ஃபைலின் பழைய பெயர், வரிக்கு வரி. செவ்வாய் பதினொன்றே காலிலிருந்து வரிசையாக. வியாழன் மறுபடியும் வரிசையாக. அக்கா ஒவ்வொரு முறை அமுக்கியதும் என் சர்வரில் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தது. இரண்டு நாளும் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நான்தான் படிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு அக்கா பக்கத்தைத் திறப்பார். மாங்காய் வண்டிகள் பெரும்பாலும் பதினொன்றுக்கு மேல்தான் வரும், அதுவரை சீட்டுப் பட்டனுக்கு வேலை இருக்காது, சீட்டு ஃபைலும் போனில் இறங்கியிருக்காது. அட்டையில் எழுதியபடி, ஷிஃப்ட் முடிகிற இரண்டு மணிவரை மூட மாட்டார். பதினோரு மணிக்கு நான் நிறத்தை மாற்றுவேன். அந்த நிறம் பொது ஃபைலில் இருந்ததால் அதைச் சார்ந்த எல்லா ஃபைல்களின் பெயரும் மாறும், பழையவற்றை நான் துடைத்து எறிந்துவிடுவேன். காலையில் திறந்த பக்கத்துக்குப் பழைய பெயர்தானே தெரியும்? பட்டனை அமுக்கினால் அதையே போய்க் கேட்கும். ஃபைல் இருக்காது. கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நானும் எழுதவில்லை, அதனால் ஒன்றும் நடக்காமல் நிற்கும். பக்கத்தை ஒருமுறை மூடித் திறந்திருந்தால் சரியாகியிருக்கும். மூடினால் ஷெட் என்று சொல்லிவைத்திருந்தார்கள், அதனால் அவர் மூடவில்லை; அதே அட்டையைப் பார்த்துப் புது ஆளும் மூடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதற்குத்தான் அவரை ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சரிசெய்ய எனக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. பழைய ஃபைல்களை சீசன் முடியும்வரை அழிக்காமல் வைத்தேன். அப்படியும் ஏதாவது கிடைக்காமல் போனால், போட்டு வைத்த வண்டி நம்பரும் ஊரும் அழியாமல் பக்கம் தானே ஒருமுறை புதிதாகத் திறந்துகொள்ளும்படி செய்தேன். பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே புதியதை ஏற்றி, அமுக்கிப் பார்த்தேன். சீட்டு வந்தது. கணினியில் செய்ய வேண்டியது அத்தோடு முடிந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன்.

மேனேஜரிடம் சுற்றி வளைக்கவில்லை. “தப்பு முழுக்க என்னோடது சார். அந்தக்கா சரியாத்தான் அமுக்கியிருக்காங்க. அவங்களை மறுபடி கேட்ல உட்கார வைங்க” என்றேன்.

அவர் கணினியைப் பார்த்தபடியே, “இப்பதான் சரியாயிடுச்சே மேடம். புது ஆளும் பழகிட்டாரு. சீசன் நடுவுல எதுக்கு மாத்திக்கிட்டு?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு ஆளை மாற்றத் தெரிந்தவருக்கு, அதே வாய் திருப்பிச் சொல்லும்போது மட்டும் சீசன் குறுக்கே வருகிறது. ஆனால் கோபத்தால் காரியம் ஆகாது என்றும் தெரியும். அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். “சரி சார். ஆனா இனிமே நான் எதை மாத்தினாலும், எட்டு மணி நேரம் பேஜை மூடாம வெச்சிருக்கிற ஒருத்தர் அதைப் பார்த்துச் சொன்னாத்தான் ஏத்துவேன். ஓசூர்ல உட்கார்ந்து என்னால அதைச் சோதிக்க முடியாது. உங்க ஆலையிலேயே அப்படிச் சொன்னபடி செஞ்சு பழகின ஆள் அவங்க ஒருத்தர்தான். அவங்க இல்லன்னா உங்க பச்சைக் கலரை அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்.”

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ஷெட்டுக்குப் போன் போட்டு அவரை அனுப்பச் சொன்னார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. “என் தப்புக்கா. உங்களுக்கு அமுக்கத் தெரியலன்னு நான்தான் சொன்னேன். மன்னிச்சிருங்க” என்றேன்.

“வுடுங்க மேடம். நானே என் கையில ஏதோ கோளாறு போலன்னு நெனச்சுகினேன்” என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேச்சை மாற்ற, பக்கத்தை மூடித் திறந்து காட்டினேன். சட்டென்று வந்தது. “பாருங்க, இப்ப எப்ப வேணும்னாலும் மூடலாம். அந்த அட்டையை எடுத்துரலாம்க்கா.”

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்கள நம்பறேன் மேடம். அந்தப் பதினோரு மணியத்தான் நம்ப முடியல. இருக்கட்டும்.”

அன்றிலிருந்து நான் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறிய பிறகுதான் எதையும் ஏற்றுகிறேன். டீயை மட்டும் பதினோரு மணிக்கே குடிக்கிறேன்.

அன்று நாங்கள் அட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வேப்பனப்பள்ளி டிராக்டர் ஒன்று வந்து நின்றது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, டிரைவரிடம் தெலுங்கில் வண்டி நம்பர் கேட்டார். ஒவ்வோர் எண்ணாகப் போட வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. ஏன் என்று குனிந்து பார்த்தேன். நாலு நாள் மாம்பாலில் விரல் நுனிகள் வெந்து, தோல் உரிந்து சிவந்திருந்தன. திரையில் நுனி படாமல் ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முட்டியால் எடைச் சீட்டு பட்டனை அமுக்கினார். ஒரே அமுக்கு, சரியாகப் பட்டன் மேல்.