பகலை மறந்த கார்

வாங்கிய மறுவாரமே என் கார் பகலை மறந்துவிட்டது. நல்ல வெயிலில், ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஹெட்லைட் தானாக எரிந்தது. பகலில் பளிச்சென்று இருக்க வேண்டிய முன்பக்கச் சின்ன விளக்குகளோ மங்கிக் கிடந்தன. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தூக்கத்தில் நடப்பதுபோல் அது ஊர்ந்தது. எதிரே வந்த பஸ் டிரைவர்கள் விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி, லைட் எரிகிறதென்று சைகை காட்டினார்கள். தெரியுமய்யா, தெரியும் என்று முனகி முனகியே எனக்கு எரிச்சல் ஏறியது.

பதுளை கராஜில் ஃபியூஸை மாற்றினார்கள், சுவிட்சைக் கழற்றி மாட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வீட்டு முன்னால் இஞ்சினை அணைக்காமலே டேஷ்போர்டைத் துடைத்தேன். சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் மிதந்தன. என் மனைவி டேஷ்போர்டில் வைத்திருந்த மாதா சொரூபத்தைத் தூக்கினேன். வட்டங்கள் மெல்லக் கரைந்து போயின. திரும்ப வைத்தேன். அவை திரும்பி வந்தன.

சொரூபத்தின் அடியில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. பகலா இரவா என்று காருக்குச் சொல்லும் கண் அதுதான். மலையெல்லாம் வெயிலடிக்க, மாதாவின் காலடியில் மட்டும் இரவாக இருந்திருக்கிறது.

மாதாவை நாலு விரல் தள்ளி வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப இத்தன நாளா லைட்டப் போட்டது மாதாதாங்க" என்றாள்.

எந்த மெக்கானிக்காலும் அதை மறுக்க முடியாது.