கட்டில் வரைதான் எங்கள் வேலை

அவிநாசியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். கட்டில் வரை எங்கள் பொறுப்பு. தரையோ துப்புரவு ஊழியருடையது. மாப்பைத் தொட்டால் சூப்பர்வைசர் திட்டுவார்.

அன்று ஒரு பெரியவரின் யூரின் பேக் கழன்று தரையெல்லாம் ஈரம். துப்புரவு அக்காவைக் கூப்பிட்டுவிட்டுப் பதற்றத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், பெரியவர் ஈரத்தில் காலை ஊன்றி எழுந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உள்ளே வந்த அக்கா மாப்பைப் போட்டுவிட்டு அவரைத் தாங்கிக்கொண்டார். முதியவர்களைத் தொட அக்காவுக்கு அனுமதியில்லை.

"நான் புடிச்சுக்கறேன், நீ தொடை கண்ணு."

துடைத்தேன்.

"யார் வேலைய யார் செய்யறீங்க?" வாசலில் சூப்பர்வைசர்.

பெரியவர் முந்திக்கொண்டார். "அவங்களைத் திட்டாதீங்க அம்மணி. நாந்தானுங்க நனைச்சுப்போட்டேன்."

சூப்பர்வைசருக்கு இன்றும் பயப்படுகிறேன். ஆனால் யார் வேலை என்ற கணக்கு ஒரு மனிதரை அப்படிச் சொல்ல வைத்ததை நினைத்தால், கை தானாக மாப்பைத் தேடுகிறது.