பள்ளிவாசல் படியில் ஊதிவிடும் வழக்கம்

பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு அழுதாலோ, பால் குடிக்காமல் முகம் வாடிக் கிடந்தாலோ, எங்கள் பெண்கள் முதலில் அம்மன் கொட்டகையில் திருநீறு வாங்கிப் பூசுவார்கள். அப்புறம் சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார்கள். உள்ளே போகமாட்டார்கள். படிக்குக் கீழே ஓரமாக நிற்பார்கள். தொழுகை முடிந்து வெளியே வரும் ஆண்கள் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்து, ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் லேசாக ஊதிவிட்டுப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கம் அநேகமாக எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். பிழைக்க வந்த நாங்கள் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தபோது இதுவும் கூடவே வந்துவிட்டது.

எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. விடியுமுன் குளித்து, நீறு பூசி, முருகனைக் கும்பிடாமல் பல்லில் தண்ணீர் படவிடாதவன் நான். பிள்ளைகளைத் தந்தவன் அவன்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்தப் பிள்ளைகள் முகத்தில் சாயபுவின் மூச்சும் பட்டிருக்கிறது. முருகன் அதற்காகக் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சாயபு எங்கள் ஜில்லாக்காரர். தோல் கிடங்கில் எனக்கு எதிரே நின்று உப்புப் போடுகிறவர். ஈரத்தோலை ஒரு ஆள் விரிக்க முடியாது. தலைப்பக்கம் அவர் பிடிப்பார், வால்பக்கம் நான் பிடிப்பேன். வருஷக்கணக்காக அப்படியே எதிரும் புதிருமாக நின்றோம். என் மனைவி அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மச்சான். ஆகவே என்னைக் கேலி பண்ணுவது அவருக்கு உரிமையாகிவிட்டது.

"வாலைப் பிடிச்சே உம்ம காலம் ஓடிட்டே மச்சான்! என்னைக்காவது தலையைப் பிடிக்கணும்னு ஆசை வரலியா வே?"

"நீரு பிடிச்ச தலை மட்டும் என்ன, எந்திரிச்சு உமக்குச் சலாம் போட்டுதா?" என்பேன். கிடங்கே சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மன் கொட்டகை முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுவோம். ஒரே ஊரிலிருந்து வந்து பக்கத்துப் பக்கத்துக் கோலிகளில், ஒற்றை அறை வீடுகளில், குடியிருந்தவர்கள் நாங்கள். ஊரில் எப்படித் தலைவர் வைத்துக் கூட்டம் போடுவார்களோ, அதே மாதிரி இங்கேயும் ஒரு தலைவர். எனக்கு மாமா முறை. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும் வேலை என்னுடையது. நான் எழுத்துக்கூட்டி ஒரு செய்தி வாசிப்பேன், அதற்கு அவர்கள் பத்துக் கேள்வி கேட்பார்கள்.

"சுயராஜ்யம் வந்தா ஊருக்குப் போற ரயில்ல உக்கார எடம் கிடைக்குமாய்யா?"

"ரேஷன் அரிசியில கல்லு குறையுமான்னு போட்டிருக்கா, நல்லா பாரும்."

தலைவர் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்வார்: "வெள்ளைக்காரன் எந்திரிச்சுப் போனா அந்த நாற்காலியில நம்ம ஊர்ப் பண்ணையாரு வந்து உக்காருவாரு. நம்ம கும்பிடு நம்ம கையிலேயே இருக்கும்."

அரசியல் எங்களுக்கு அவ்வளவுதான். ஊரில் மழை பெய்ததா, யார் நிலம் யார் கைக்குப் போனது என்பதுதான் அதைவிடப் பெரிய சேதி.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் பம்பாயில் இந்து முஸ்லிம் கலவரம் வந்தது. பட்டணத்தின் தெற்குப் பக்கம் கத்திக்குத்து, கர்ஃப்யூ, டிராம் ஓடவில்லை என்று நான் வாசிக்க வாசிக்க, கூட்டத்தில் கேள்வி கேட்பது நின்றுபோனது. எங்கள் சந்தில் ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் பேச்சு வந்து விழுந்தது. மில்லில் வேலை பார்த்த ஒரு தம்பி, எனக்குப் பங்காளி முறை, அவன்தான் முதலில் எழுந்தான்.

"மில்லு கேட்டுல ஆளை ஆள் வெட்டுதான். இங்க நம்ம பொம்பளைக பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவன் வாசல்ல போய் நிக்காளுவ. நமக்கு வெக்கம் கிடையாதா?"

"எவன் வாசல்ல? நம்ம சாயபு வாசலையா சொல்லுத?" என்று கேட்டேன்.

"நீரு சும்மா இரும் அண்ணாச்சி. வால் பிடிக்கிற ஆளுக்கு உலகத்துல என்ன நடக்குன்னு தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாயபு சொல்லும்போது நானும் சிரித்த அதே கேலிதான். அன்றைக்கு அது வேறு மாதிரி குத்தியது.

முடிவில் தலைவர் மாமா சொன்னார்: "இந்தச் சண்டை அடங்குற மட்டும் நம்ம பெண்டுக பள்ளிவாசலுக்குப் போகவேண்டாம். இது ஊர்க்கட்டு."

ஊர்க்கட்டு என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பம்பாய்ப் போலீஸ்காரனுக்குப் பயப்படாத ஆளும் ஊர்க்கட்டுக்குப் பயப்படுவான். மீறினால் நல்லது கெட்டதுக்கு யாரும் அவன் வாசலை மிதிக்கமாட்டார்கள். இவ்வளவு பெரிய பட்டணத்தில் எங்களைத் தூக்கிச் சுமக்க எங்களைத் தவிர யார் இருந்தார்கள்?

அதற்குப் பிறகுதான் என் கடைசி மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நடை பழகி, சந்தில் கோழிகளை விரட்டி ஓடிக்கொண்டிருந்த வயசு. காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணை மூடினால் உடம்பு தூக்கிப்போட்டது. அம்மன் நீறு பூசினோம். திருச்செந்தூருக்கு முடியிறக்குவதாக நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். என் மனைவி எல்லாவற்றையும் செய்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் ஊதிட்டு வந்துருதேன்."

"கட்டு இருக்குல்லா?"

"கட்டு போட்டவுக பிள்ளைக்கா காய்ச்சல்? கொண்டுபோய் அவுக நடையில கிடத்தட்டா, சொல்லுங்க."

நான் தலைவர் மாமா கோலிக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பேரப்பிள்ளைகள் ஊதிக்கொள்ளாத பிள்ளைகளா?

"நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. போயிட்டு வா" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

அன்று சாயங்காலம் படிக்குக் கீழே என் மனைவி ஒருத்திதான் நின்றாள். நான் எதிரே தண்ணீர்க் குழாய் அருகில் நின்றேன். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் தயங்கினார்கள். பிறகு செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். கடைசியாகச் சாயபு வந்தார்.

"தங்கச்சி, வீட்டுக்குப் போம்மா."

"உடம்பு அனலாக் கொதிக்கு அண்ணாச்சி. ஒரு ஊது ஊதுங்க, போயிருதேன்."

"ஜமாத்துல வேண்டாம்னுட்டாவ. இன்னைக்கு நான் ஊதி, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, துலுக்கன் ஊதிக் கொன்னுட்டான்னு பேச்சு வரும். ஒங்க ஆளுக கம்பைத் தூக்கிட்டு வந்தா இங்க நாங்க எத்தனை பேரு? எனக்கும் பேரன் பேத்தி இருக்கும்மா."

"நான் அப்படிச் சொல்லுவனா?"

"நீ சொல்லமாட்ட. உன்னை யாரு பேசவிடப் போறா?"

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மூச்சு தவறிப்போய்ப் பிள்ளைமேல் பட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி இருந்தது. அப்படியே விறுவிறுவென்று நடந்துவிட்டார். என் மனைவி விளக்கேற்றும் நேரம் கடந்தும் அங்கேயே நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள்.

ஓரிரு நாளில் காய்ச்சல் தானாக விட்டது. காலையில் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். இடது கால் துணி மாதிரி மடங்கியது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி மடங்கியது.

மாட்டுங்காவில் எங்கள் பாஷை பேசுகிற டாக்டர் ஒருவர் இருந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்காலில் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார்.

"இது இளம்பிள்ளை வாதம்ப்பா. இதுக்கு மருந்து கெடையாது. வெந்நீர் ஒத்தடம் குடுங்கோ, தெனம் நீவி விடுங்கோ. கொஞ்சம் பலம் வரலாம், வராமலும் போகலாம். பகவான் விட்ட வழி."

படித்த டாக்டரே பகவானைக் காட்டிவிட்டார். அதற்கு மேல் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நாங்கள் திரும்பி வருவதற்குள் சந்தில் பேச்சு முளைத்துவிட்டது. பள்ளிவாசலில் ஊதினார்கள், கால் போய்விட்டது. பிள்ளையோடு அவள் அங்கே நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. சாயபு வாயைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டத்தில் நிறுத்தினார்கள். பத்திரிகை மடித்தபடியே கிடந்தது. தலைவர் மாமா என் முகத்தைப் பார்க்காமல், "கட்டை மீறினது நெசந்தானா?" என்று கேட்டார்.

"நெசந்தான் மாமா. ஆனா சாயபு ஊதலை."

"அவனுக்காகப் பொய் சொல்லாதேயும் அண்ணாச்சி" என்றான் மில்லுக்காரத் தம்பி.

நான் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அந்த ஜோதியில் கை வைத்துச் சொன்னேன். "இந்தத் தாய் சாட்சியா சொல்லுதேன். அவரு மூச்சு என் பிள்ளைமேல படலை. ஊதமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

ஒரு நல்ல மனுஷனைப் பழியிலிருந்து இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அந்தத் தம்பி மறுபடி எழுந்தான்.

"கேட்டியளா எல்லாரும்! துடிச்சுக் கெடந்த பிள்ளைக்கு ஒரு ஊது ஊத மனசு வரலை அவனுக்கு. ஊதியிருந்தா கால் நின்னிருக்கும்லா? இவன்தான் உமக்கு மச்சானா?"

தலைகள் ஆடின. சற்று முன்னால் ஊதியதால் கால் போயிற்று என்று சொன்ன அதே தலைகள். எதைச் சொன்னாலும் அவரைத்தான் போய்த் தைக்கும் என்றால் என்ன சொல்வது? தலைவர் மாமா என்னைத் தண்டிக்காமல், "பிள்ளை கஷ்டமே போதும் அவனுக்கு" என்று கூட்டத்தைக் கலைத்தார். கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் கிடங்கில் சாயபு தலைப்பக்கத்தைப் பிடித்தார், நான் வால்பக்கத்தைப் பிடித்தேன். கேலி இல்லை. கொஞ்ச நேரம் உப்பை வாரி இறைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊர்க் கூட்டத்துல என்ன பேசினாவ?"

மறைக்க எனக்குத் தெரியாது. அவர்கள் முதலில் சொன்னதையும் சொன்னேன், பிறகு மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவர் தோலைக் கீழே போட்டுவிட்டு உப்புக் குவியல்மேல் உட்கார்ந்தார்.

"ஊதினா கொலைகாரன். ஊதாட்டி ஈவு இரக்கம் இல்லாதவன். அப்புறம் என்னத்துக்கு மச்சான் நான் துண்டை வச்சு வாயைப் பொத்தினேன்? ரெண்டு நாளாச் சோறு இறங்கலை வே எனக்கு. பிள்ளை கண்ணு முன்னாலயே நிக்கா."

நான் அவர் பக்கத்தில் போய் உப்புக் குவியல்மேல் உட்கார்ந்தேன்.

"சாயங்காலம் தங்கச்சியப் பிள்ளையோட வரச்சொல்லும்."

"ஜமாத்து?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். உம்ம ஊரை நீரு பாத்துக்கிடும்."

அன்று நான் குழாயடியில் நிற்கவில்லை. பிள்ளையை நானே தூக்கிக்கொண்டேன், மனைவி பக்கத்தில் வந்தாள். சந்து முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. "ஒரு கால் பத்தலையாங்கும், மறு காலையும் குடுத்துட்டு வரப் போறாவ" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. என் மனைவி திரும்பிப் பார்க்கப்போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயபு வெளியே வந்தபோது அவர்கள் ஆட்களில் இரண்டு பேர் அவரிடம் ஏதோ தணிந்த குரலில் தடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் இடது காலைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். உப்பில் வெடித்த கை. கண்ணை மூடி வெகுநேரம் ஓதினார். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மெதுவாக ஊதினார். நெஞ்சு ஏறி இறங்க, மறுபடி மேலிருந்து ஊதினார். பிள்ளைக்குக் கூச்சம் தாங்கவில்லை. கலகலவென்று சிரித்து, நல்ல காலால் அவர் தாடியில் ஓர் உதை விட்டாள்.

"பாரும், உம்ம மக உதைக்கா" என்றார் என்னிடம். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் மனதுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எந்தப் பெண்ணும் பிள்ளையோடு வரவில்லை. திரும்பும்போது தலைவர் மாமா தன் கோலிக் கதவை உள்பக்கமாக இழுத்துச் சாத்தியதைப் பார்த்தேன்.

மறுநாள் விடிகாலையில் நான் நீறு பூசிக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். பின்னால் அவள் பிள்ளையைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்துகிற சத்தம் கேட்டது. "நில்லும்மா, என் கண்ணுல்லா, நில்லு" என்றாள். எனக்குத் திரும்பத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பிள்ளை தொப்பென்று உட்கார்ந்தது கேட்டது.

அவள் அழவில்லை. வெந்நீர் வைத்தாள், காலை நீவினாள், எனக்குக் கஞ்சி ஊற்றினாள். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது பிள்ளைக்குத் தலை வாரி, முகம் கழுவி, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க?" என்றேன்.

"ஒரு நாள்ல சரியாயிருமா? இன்னும் ஊதணும்."

நான் முகத்தைக்கூடக் கழுவாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.