தானாக எழுந்திருக்கும் பெட்டி

கடைக்காரர் புது ரவுட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, மின்இணைப்பும் கொடுத்து, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதை, பெற்ற தகப்பனைப் போலப் பார்த்துச் சிரித்தார். என் தங்கை குனிந்து அதன் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, இப்பதானே ஆன் பண்ணேன்?"

"அதனாலதான்ண்ணா. விழுந்தா எப்படி எழுந்திருக்குதுன்னு பாக்கணும்."

எதை வாங்கினாலும் இதுதான் அவள் வழக்கம். மிக்சி, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், எதுவானாலும் அவள் கையில் ஒருமுறை செத்துப் பிழைத்துத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அவள் லிஃப்ட் மெக்கானிக். கரண்ட் போனால் லிஃப்ட் நடுவில் தொங்காமல் பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. "ஓடும்போது எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்பாள். பெண் பார்க்க வந்த ஒருவரிடம், "கோபம் வந்தா திரும்பச் சரியாக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் சொருகியிருப்பதால் வீட்டில் அவள் பெயரே டெஸ்டர்.

ரவுட்டர் வாங்க வந்ததற்கு அம்மாதான் காரணம். அம்மா சமீபத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். பிறகு இன்னொரு தடவையும் விழுந்தாள். நான் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன். தங்கையோ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டடத்தில் இருப்பாள். பகலில் அம்மா தனி. வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "வெட்டு மேஜைக்கு உன்ன மாதிரி ஆள் கிடைக்காதுப்பா. வாரக் கடைசி வரைக்கும் யோசி" என்றார். தங்கை கேட்டதும் சீறினாள். "யாரும் எதையும் விட வேண்டாம். எனக்குக் கொஞ்சம் டைம் குடு."

கேமரா வைக்கலாம் என்றேன். அம்மா ஒரே போடாகப் போட்டாள். "நான் கொட்டாவி விடுறதயும் முதுகு சொறியிறதயும் நீங்க வேலை இடத்துல உக்காந்து பாக்கவா?"

அதனால் தங்கை வேறு வழி செய்தாள். அம்மாவின் நாற்காலி மெத்தைக்கு அடியில், குளியலறைக் கதவில், அடுப்பங்கரைக் கதவில் எல்லாம் விரல்நுனி அளவு கருவிகளை ஒட்டினாள். அம்மா உட்கார்ந்தால், எழுந்தால், கதவைத் திறந்தால் அவை சேதி சொல்லும். அந்தச் சேதிகளை வாங்கி, எங்கள் போனில் அம்மாவுக்கென ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டுவது, செருப்பு அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் திரை உடைந்த, பேட்டரி செத்த பழைய லேப்டாப். அதுதான் எங்கள் சர்வர். "சர்வர்னா பரிமாறணுமே, இது என்னத்தடி பரிமாறுது?" என்று அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம் கேட்பாள். இதை ஏதாவது கம்பெனியிடம் விட்டால் சுலபம்தானே என்றேன். "அம்மா எழுந்ததும் உக்காந்ததும் ஊரான் கம்ப்யூட்டருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள். நான் பாதியில் படிப்பை விட்டவன். அவள் தரையில் சம்மணமிட்டு, வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்வியபடி வேலை செய்வதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வெட்டுத் துணியில் நூலிழை விலகினாலும் கண்டுபிடிப்பவன் நான். அவள் செய்ததில் எந்த இடத்திலும் குறை கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

குறை இருந்தது பிராட்பேண்ட்காரர்கள் இலவசமாகக் கொடுத்த ரவுட்டர் பெட்டியில். கரண்ட் போய் வந்தால் அது மயங்கியே கிடந்தது. ஒருநாள் மதியம் என் போனில் அம்மாவின் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னடா, வேலையில இருந்து துரத்திட்டாங்களா?" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடைக்கு வந்திருந்தோம். கடைக்காரர் விடவில்லை. "நாலு ஆன்டெனாம்மா. ஒரு முழுப் படம் நிமிஷத்துல இறங்கும். வேகம்னா அப்படி ஒரு வேகம்."

"எங்கம்மா நாற்காலியில இருந்து எழுந்தாங்கன்னு சொல்ல எவ்வளவு வேகம்ண்ணா வேணும்?"

அவர் சிரித்துவிட்டார். அவள் அந்தப் பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சூடு பார்த்தாள். வெளியிலிருந்து எங்கள் போன்கள் மட்டும் வீட்டு சர்வருக்குள் வர அதில் வழி வைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார். எத்தனை தடவை பிடுங்கினாலும் தானாக எழுந்தது. வாங்கி வந்தோம்.

வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டாள். புதுப் பெட்டி துள்ளி எழுந்தது. இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் சுவர்ப் பெட்டி, ஃபைபர் மோடம், சோம்பல் முறித்து எழுவதற்குள், அதனிடம் லைன் கேட்டு, பதில் வராமல், சிவப்பு விளக்கோடு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு மோடம் தயாரானபோதும் இது திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கை தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதுதான்ண்ணா. இத மட்டும் தனியா நிறுத்திப் பார்த்தேன். மோடத்தோட சேர்த்து வெச்சுல்ல பார்த்திருக்கணும்."

"நாலு கொம்பு இருக்கு, ரெண்டாவது வாட்டி கேக்கத் தெரியல" என்றாள் அம்மா. "ஃபேனைப் போட்டுத் தொலை, வேகுது."

மறுநாள் மறுபடி கடை. இம்முறை கடையில் இருந்த மோடத்தைக் கடைக்காரர் கையில் கொடுத்து, தான் சொல்லும்போது மட்டும் போடச் சொன்னாள். ஒவ்வொரு ரவுட்டரையும் எழுப்பி, லைன் இல்லாமல் காக்க வைத்தாள்.

"இப்ப போடவாம்மா?"

"வேண்டாம்ண்ணா. தவிக்கட்டும்."

"பாவம்மா அது."

பளபளப்பான பெட்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்து போயின. கடைசியில் பின்தட்டில் தூசி படிந்திருந்த ஒரு சின்னப் பெட்டி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மிட்டாய் வாங்கித் தரும்வரை காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை மாதிரி, கேட்டது, கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. மோடத்தைப் போட்டதும் பச்சை விழுந்தது. கடைக்காரர் கை தட்டினார். "ஓடாத சரக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். நல்லா இருப்பம்மா." முதலில் வாங்கியதைத் தகராறில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாள். நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். அவள் அங்கிருந்து போன் செய்து, "மெயினை அணைச்சுப் போடு. எதையும் தொடாத. நான் கூப்பிடுறேன்" என்றாள். பின்னால் லிஃப்ட் கம்பிகள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நான் அணைத்துப் போட்டேன். ஃபைபர் மோடம் மெதுவாக எழுந்தது. சின்னப் பெட்டி சிமிட்டியது, சிமிட்டியது, பச்சையானது. லேப்டாப் உறுமத் தொடங்கியது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் எங்கோ ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் நிற்கும் அவளுக்கு இது போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கவில்லை.

அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து மேஜை விளக்கு எரிந்தது.

சுவிட்சுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த விளக்கையும் அவள் சர்வரோடு சேர்த்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

"பட்டப்பகல்ல யாருடா லைட்டைப் போட்டது?"

"உன் பொண்ணும்மா. வேலை இடத்துல இருந்து."

வேலையை விடவில்லை என்று சொல்ல, நான் மேற்பார்வையாளரின் எண்ணைத் தேடத் தொடங்கினேன். அம்மா விளக்கைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலியை இரண்டு கைகளாலும் இழுத்து, விளக்கு வெளிச்சம் மடியில் விழும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.